விமர்சன சமூகக் கோட்பாட்டுக்குத் தத்துவ நியாயம் தேவையா?

"அநீதி கண்ணெதிரே தெரிகிறது, அதை எதிர்க்கத் தத்துவம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். எதிர்க்கத் தொடங்குவதற்குத் தேவையில்லை. எதுவரை போவது என்று வரும்போது அது இல்லாமல் முடியாது.

சமூகத்தை விளக்குவதோடு நில்லாமல் அதிலுள்ள ஆதிக்கத்தை மாற்றவும் முயலும் சிந்தனைதான் விமர்சன சமூகக் கோட்பாடு. ஜெர்மானியத் தத்துவவாதி ஹொர்க்ஹைமர் 1937இல் வகுத்துக்கொடுத்த இந்த மரபின் முதல் கருவி உள்விமர்சனம். ஒரு சமூகம் தானே ஒப்புக்கொண்டதை வைத்து அதையே மடக்குவது. குமரி மாவட்டத்துக்காரருக்குத் தோள்சீலைப் போராட்டத்தை (19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்தது) வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். சிரியன் கிறிஸ்தவப் பெண் குப்பாயம் (மேற்சட்டை) போடலாம் என்றால், அதே வேதத்துக்கு வந்த நாடார் பெண் ஏன் போடக்கூடாது? திருவிதாங்கூர் அரசு 1829இல் குப்பாயத்தை அனுமதித்தது, மேல்சாதிப் பெண்கள் அணியும் தோள்சீலையை மறுத்தது. மதம் மாறாத நாடார் பெண்ணுக்கு இந்த வாதத்தில் இடமே இல்லை. கையிலிருந்த அளவுகோல் அங்கேயே தீர்ந்துபோனது.

26.07.1859 ஆணையைப் பாருங்கள். எல்லா நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம்; குப்பாயம் போடலாம், முக்குவ மீனவப் பெண்களைப் போல முரட்டுத்துணியும் கட்டலாம்; மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது. மானம்தான் உங்கள் அளவுகோல் என்றால் இந்த ஆணையில் குறையே சொல்ல முடியாது, உடல் மறைந்துவிட்டதே! 'மட்டும்' என்பது அநீதி என்று சொல்லச் சமத்துவம் வேண்டும். சமத்துவம் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணம்தான் நியாயப்படுத்தல்.

அது ஜெர்மனியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. சாமித்தோப்பில் 19ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் எல்லாரையும் தலைப்பாகை கட்டச் சொன்னதும், எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு என்றதும் பக்தி மொழியில் சொல்லப்பட்ட காரணங்கள்தாம். அவற்றைத் தத்துவமாக எடுத்து வாதிக்காமல் வெறும் வரலாற்றுச் செய்தியாகக் கடந்துபோவது பெரிய இழப்பு.

அதே மரபில் பின்னால் வந்த ஜெர்மானியத் தத்துவவாதி ஹாபர்மாஸின் சோதனை வேறு வகை: பாதிக்கப்படும் அனைவரும் வற்புறுத்தலின்றிப் பேசி ஏற்கக்கூடிய விதியே செல்லும். 1859 ஆணை இதில் உடனே தோற்கும். ஆனால் 'அனைவரும்' என்ற சொல்லுக்குள்ளேயே சமத்துவம் ஒளிந்திருக்கிறது என்ற எதிர்வாதம் வலுவானது. அதற்குப் பதில் இல்லாமல் இந்தச் சோதனையைக் கையில் எடுக்காதீர்கள்.

ஆய்வேட்டுக்காக எழுதுகிறீர்கள் என்றால் 18ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி கான்ட்டிலிருந்து தொடங்க வேண்டாம்; அத்தியாயம் முடியும்போதும் சீலைக்கு வந்திருக்க மாட்டீர்கள். ஆணையின் வாசகத்திலிருந்து தொடங்கி, உள்விமர்சனம் எந்தச் சொல்லில் நின்றுபோகிறது என்று காட்டிவிட்டு, அந்த இடத்தில் தத்துவத்தைக் கொண்டுவாருங்கள்.