ஞாயிற்றுக்கிழமையை அப்பாவுக்கே விட்டுவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 27. பெரம்பூரில் அப்பா, அம்மா, அண்ணனோடு வசிக்கிறேன். சில மாதங்களாக வீகன் உணவுக்கு மாறியிருக்கிறேன். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. வீட்டில் மற்றவர்களுக்குக் கவிச்சி இல்லாமல் சோறு இறங்காது. அவர்களையும் மாற்றலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மீல்மேக்கர் பிரியாணி செய்தேன். அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பஞ்சை மசாலாவில் முக்கி எடுத்திருக்கிறான்" என்றார். அண்ணன் போனில் மட்டன் பிரியாணி வரவழைத்தான். "என் கைச் சாப்பாடு உனக்கு ஆகாமல் போய்விட்டதா?" என்று அம்மா அழுதார். அடுத்த மாதம் அக்காவுக்கு வீட்டிலேயே வளைகாப்பு. அந்த விருந்தையாவது முழு வீகனாக வைக்க ஆசைப்படுகிறேன். இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெரம்பூர்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

யாரையும் வழிக்குக் கொண்டுவர வேண்டாம். அவர்கள் தட்டில் நீங்கள் சமைத்தது ஏதாவது ஒன்று தானாக இடம்பிடித்தால் போதும். அதற்கு நிறையவே வழி இருக்கிறது.

கோளாறு கிழமையில் தொடங்கியது. ஞாயிறு காலையில் பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போய், "நெஞ்செலும்பு கொஞ்சம், தொடைக்கறி கொஞ்சம், ஈரல் இருந்தால் தனியாகக் கட்டு" என்று சொல்லி வாங்கி வருவதில் அப்பாக்களுக்கு ஒரு பெருமிதம் உண்டு. வாரம் முழுக்கக் காத்திருந்த அந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, கையில் மீல்மேக்கரைக் கொடுத்தால் அவர் வேறென்ன சொல்வார்? பஞ்சு என்றதோடு விட்டாரே.

சென்னையில் கறி சாப்பிடும் வீடுகள் பலவற்றில் செவ்வாய், வெள்ளி, அமாவாசையில் கவிச்சி கிடையாது. புரட்டாசி முழுக்க விரதம் இருக்கும் குடும்பங்களும் ஏராளம். அந்த மாதம் காசிமேட்டில் மீன் விற்பனையே மந்தமாகிவிடும். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் வீட்டிலும் இதே கதைதான். அந்த நாள்களில் கறி இல்லையே என்று யாரும் கண் கலங்குவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கிழமை இருக்கும். அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வீகன் என்று அறிவிக்காதீர்கள். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும், பருப்பு உருண்டைக் குழம்பு, மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட காரக்குழம்பு என்று உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்ததில் பாதி வீகன்தான். தாளிக்க நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் என்றால் விஷயம் முடிந்தது.

இனி அந்தப் பிரியாணி. மீல்மேக்கரை உப்புப் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம் விட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு கையாலும் ஒட்டப் பிழிய வேண்டும். பிறகு மறுபடி தண்ணீர் ஊற்றி மறுபடி பிழிய வேண்டும். இரண்டாவது முறை வெளியே வரும் கலங்கல் தண்ணீரில்தான் அந்தச் சோயா வாடை இருக்கிறது. பிழிந்ததை இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாற்றில் அரைமணி ஊறவைத்து, எண்ணெயில் ஓரம் முறுகும்வரை வறுத்த பிறகே மசாலாவில் சேர்க்க வேண்டும். நீங்கள் ஊறவைத்த கையோடு குக்கரில் போட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம்.

அதைவிட முக்கியம் எண்ணெய். மட்டன் பிரியாணியில் கறியின் கொழுப்பு இறங்கித்தான் அரிசிக்கு மினுமினுப்பும் மணமும் வருகின்றன. கறியை எடுத்துவிட்டு, உடம்புக்கு நல்லது என்று எண்ணெயையும் குறைத்தால் மிஞ்சுவது மசாலா சாதம்தான். வழக்கத்தைவிட ஒரு குழிக்கரண்டி கூடவே ஊற்றுங்கள். வெங்காயம் செம்பழுப்பாகும்வரை பொறுமையாக வதக்குங்கள். தயிருக்குப் பதில் தக்காளியைக் கூட்டி, இறக்கும் முன் எலுமிச்சை பிழியுங்கள். தேங்காய்ப்பால் சேர்ப்பதாக இருந்தால் அரிசிக்கு அளந்த தண்ணீரில் ஒரு பங்காக அதைக் கணக்கில் வையுங்கள், இல்லாவிட்டால் குழைந்துவிடும்.

என்னைக் கேட்டால், மீல்மேக்கரைவிடப் பிஞ்சுப் பலாக்காய் நல்லது. கோடை தொடங்கும்போது கோயம்பேட்டில் கிடைக்கும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள், இல்லையென்றால் பிசின் உங்களை விடாது. மஞ்சள், உப்புப் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, வறுத்து, சீரகச் சம்பாவில் தம் போட்டால் நார் நாராகப் பிரியும். கறி என்று சொல்லி ஏமாற்ற வேண்டாம். பலாக்காய் என்றே சொல்லிப் பரிமாறுங்கள். கறி என்று நினைத்து வாயில் வைத்தவருக்கு எந்தக் காயும் ஏமாற்றம்தான்.

இதே கணக்கு மீனுக்கும். வஞ்சிரத்துக்கு உங்கள் அம்மா தடவும் மசாலாவை அப்படியே சேனைக்கிழங்கில் தடவுங்கள். புளித்தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்த சேனையைக் கால் அங்குலக் கனத்தில் வில்லைகளாக்கி, மசாலா தடவி, கறிவேப்பிலை போட்டு, இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இருபுறமும் மொறுமொறுப்பாக எடுக்க வேண்டும். ரசம் சாதத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் இருங்கள். உங்கள் அண்ணன் இரண்டாவது துண்டு எடுக்கிறாரா இல்லையா என்று பாருங்கள்.

உண்மையில் உங்களுக்குக் கஷ்டம் கறியால் வராது, பாலால் வரும். காலைக் காபி, இரவு மோர்சாதம், பொங்கலில் நெய் என்று பால் இல்லாத வேளையே நம் வீடுகளில் கிடையாது. மற்றவர்களின் காபியில் கை வைக்காதீர்கள், அது பெரும் பாவம். உங்களுக்குக் கருப்பட்டி போட்ட கடுங்காபி போதும். தயிருக்கு நிலக்கடலை இருக்கிறது. ஒரு குவளைப் பச்சைக் கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, மூன்று குவளைத் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், நான்கைந்து பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவையுங்கள். சென்னைப் புழுக்கத்தில் இரவுக்குள் உறைந்துவிடும். முதல் தயிர் சற்று நீர்த்து, கடலை வாசனையோடு இருக்கும். அதையே உறையாக ஊற்றி மறுநாள் செய்தால் நன்றாக வரும். இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் போட்டு மோராக்கினால் வித்தியாசம் தெரிவது கடினம்.

கடைப்பொருள் வாங்கும்போது பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள். சைவம் என்பதற்குத்தான் அந்தப் புள்ளி. உள்ளே பால் பவுடர் இருக்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் பொருள்களுக்கென 2022-இல் தனி முத்திரை கொண்டுவந்திருக்கிறது.

அடுத்து அம்மாவின் கண்ணீர். அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, பிள்ளை இளைத்துவிடுவானோ என்ற பயம். அது முழுக்கத் தவறும் அல்ல. பி12 வைட்டமின் செடிகொடிகளிலிருந்து கிடைக்காது. மருத்துவரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரையைத் தொடங்குங்கள். அறிக்கையை அம்மாவிடமே காட்டுங்கள். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பருப்பு எல்லாம் தட்டில் இருக்கட்டும். சாப்பிட்டவுடன் டீ குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது.

இன்னொன்று நாசூக்கானது. இந்த ஊரில் "சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்" என்று சொல்லி வீடு தர மறுக்கிறார்கள். 2014-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் கறி சாப்பிடுவது ஒரு படி தாழ்வு என்ற பேச்சைக் கேட்காத குடும்பம் குறைவு. நீங்கள் ஆடு மாடுகளின் மேல் இரக்கப்பட்டுச் சொல்லும் அதே வாக்கியம் உங்கள் அம்மாவின் காதில் அந்தப் பழைய ஏளனமாக விழலாம். அதனால் சாப்பாட்டு வேளையில் கசாப்புக்கூடக் கதைகள் வேண்டாம். யாராவது காரணம் கேட்டால் இரண்டு வரியில் சொல்லுங்கள், கேட்காதவரை வாயைத் திறக்காதீர்கள்.

கடிதத்தில் ஒன்றைக் காணோம்: பாத்திரம் தேய்த்தது யார்? ஒரே அடுப்படியில் இரண்டு சமையல் என்றால் கூடுதல் வேலை உங்களுடையதுதான். நறுக்குவது, அரைப்பது, மேடையைத் துடைப்பது எல்லாம் சேர்த்து. மீன் வாடை பிடிக்காவிட்டால் உங்களுக்கென்று ஒரு கடாய் வாங்கிக்கொள்ளுங்கள். "உன் கொள்கைக்கு நான் ஏன் கஷ்டப்பட வேண்டும்" என்று உங்கள் அம்மா கேட்டால் அவர் பக்கம்தான் நியாயம்.

வளைகாப்புக்கு முழு வீகன் விருந்து வேண்டாம். அது உங்கள் அக்காவின் நாள். வாய்க்கு ருசியானதைக் கொடுத்து வாழ்த்தத்தான் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் வளைகாப்பு என்றாலே கலவை சாதம்தானே? புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், எள்ளு சாதம் நான்கும் நல்லெண்ணெயில் தாளிப்பவை. "இந்த நான்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சலை முந்தைய நாளே செய்து வையுங்கள், மறுநாள் ருசி கூடும். தயிர்சாதமும் சர்க்கரைப் பொங்கலும் அம்மா பொறுப்பில் இருக்கட்டும்.