திங்கள் காலை அசைன்மென்ட்

ஐரோப்பாவில் படிக்கும் நீங்கள், சனி, ஞாயிறு ஆனால் பக்கத்து நகரத்துக்கு ரயில் ஏறிவிடுகிறீர்கள், திங்கள் காலை அசைன்மென்ட் கழுத்தை நெரிக்கிறது என்கிறீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் படிப்புச் சுமையை அளக்கும் அலகு ஈசிடிஎஸ் கிரெடிட்; ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. செமஸ்டருக்கு 30 கிரெடிட் எடுத்திருந்தால் குறைந்தது 750 மணி நேரம். வகுப்பு அதில் ஒரு பங்குதான்.

ரயிலில் முடித்துவிடலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். வாசிக்கலாம், சரி. கட்டுரை எழுத வராது, அதுவும் சுரங்கத்துக்குச் சுரங்கம் நெட் அறுந்தால்! இரண்டு மணி நேரத் தூரம் என்றால் சனிக்கிழமை விடியலில் கிளம்பி இரவே திரும்புங்கள். ஞாயிறு முழுசாகக் கையில் இருக்கும். அப்புறம், குழு ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய வாரத்தில் டிக்கெட்டே போடாதீர்கள்.