புகை குறையுமா, பில் குறையுமா? ஒரு மின் தணிக்கைக்காரரிடம் கேள்வி பதில்

நான் எரிசக்தித் தணிக்கை செய்கிறவன். மில்லுக்கோ ஃபவுண்டரிக்கோ போய், கரண்ட் எங்கே வீணாகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்து, அதை எழுதிக் கொடுத்துக் காசு வாங்குகிற தொழில். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. இந்தியா மாதிரி வளர்கிற நாடு கார்பனை எப்படிக் குறைப்பது என்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கட்சிச் சண்டைக்கு வந்தவர்களை விட்டுவிட்டேன்.

ஊர்சுற்றி: அமெரிக்காவும் ஐரோப்பாவும் நூறு வருஷம் எரித்துத் தள்ளிவிட்டார்கள். இப்போது நாம் குறைக்க வேண்டுமாம். ஏன் சார் குறைக்கணும்?

கோபம் நியாயம்தான். இந்தியாவில் ஆளுக்கு வருஷத்துக்கு இரண்டு டன்னை ஒட்டித்தான் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. உலக சராசரி நாலரை டன்னுக்கு மேல், அமெரிக்காவில் 14 டன் அளவில். ஆனால் தலைக்கணக்கை விட்டு மொத்தக் கணக்கைப் பார்த்தால் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து நாம்தான். 2070-க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியே விடுகிற அளவுக்குத் திரும்ப உறிஞ்சியும் விடுவோம் என்று 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் சொல்லியும் ஆகிவிட்டது.

சரி, என் அனுபவத்தைச் சொல்கிறேன். இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு மில் முதலாளிகூட பூமியைக் காப்பாற்ற என்னைக் கூப்பிட்டதில்லை. "கார்பனை விடுங்க, பில்லு எவ்வளவு குறையும், அதைச் சொல்லுங்க" என்பதுதான் முதல் பேச்சு. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. நம்மைப் போன்ற நாட்டில் யாரோ ஒருத்தர் செலவு குறைகிற இடத்தில்தான் புகையும் குறைகிறது. கீழே நிறைய பதில்கள் இதையே சுற்றிச் சுற்றி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை: திட்டம் திட்டம் என்று நூறு அறிவிப்பு வருகிறது. உண்மையிலேயே வேலை செய்த ஒன்றைச் சொல்லுங்கள்.

எல்இடி பல்பு. 2014-ல் அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கியபோது ஒரு பல்பு 310 ரூபாய். 2016-ல் அதே கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் பல்புகள் போயின. இதில் அழகு என்னவென்றால் மானியம் கொடுத்து விலையைக் குறைக்கவில்லை, கோடிக்கணக்கில் வாங்குகிறேன், யார் குறைத்துத் தருகிறீர்கள் என்று டெண்டர் விட்டுவிட்டே குறைத்தார்கள். 60 வாட் குண்டு பல்பு செய்த வேலையை 9 வாட் செய்ததும் மக்கள் தானாக மாறினார்கள், யாரும் வீடு வீடாகப் போய் விழிப்புணர்வு ஊட்டவில்லை.

அடுத்து இதே வித்தையை ஃபேனில் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் புலம்பல். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் போட்ட ஃபேன் 30 வாட் பக்கம். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம், அதுவும் ஒரே ஃபேனில். ஆனால் விலை சாதாரண ஃபேனைப் போல இரண்டு மடங்கு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், அதற்குள்ளேயே முடிக்கிற சின்ன வீட்டுக்கு மாற்றினால் ஒரு பைசா லாபமில்லை. லாபம் மின்வாரியத்துக்கு. அப்படியென்றால் ஃபேனை வாங்கித் தர வேண்டியதும் வாரியம்தான் இல்லையா? இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

தஞ்சாவூர்க்காரன்: நெல் வயலில் மீத்தேன் வருகிறது, அதுவும் புவி வெப்பத்துக்குக் காரணம் என்கிறார்கள். கடைசியில் விவசாயி தலையிலேயேதான் கட்டுவீர்களா அண்ணா?

தலையில் கட்டவில்லை. ஆனால் விஷயம் உண்மை. தேங்கிய தண்ணீருக்கு அடியில் காற்றுப் போகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன, பெரும்பகுதி நெல் தண்டு வழியாகவே மேலே வந்துவிடுகிறது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கு மேல் சூடாக்கும்.

மருந்து உங்களுக்குத் தெரிந்ததுதான், காய்ச்சலும் பாய்ச்சலும். துளை போட்ட குழாயை வயலில் புதைத்து வைத்து, தண்ணீர் மட்டம் மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்ச வேண்டும், பூக்கிற சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்கட்டும். மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைகிறது, மகசூல் பெரிதாக விழுவதில்லை. களை கொஞ்சம் கூடும், அதை மறைக்க மாட்டேன். யூரியாவை அள்ளிக் கொட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு என்கிற இன்னொரு சூடாக்கும் வாயு கிளம்பி இந்த லாபத்தைத் தின்றுவிடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் டெல்டாவில் சிக்கல் வேறு. முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வாய்க்காலில், அடுத்த முறை என்றைக்கு வரும் என்று தெரியாதவர் வயலைக் காயவிடுவாரா? வரும்போது நிரப்பி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். போர்வெல் வைத்திருப்பவருக்கோ கரண்ட் இலவசம், மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது. ஆக வயலில் குழாய் நடுவதற்கு முன்னால் வாய்க்காலைச் சரி பண்ண வேண்டும். நீர்வளத்துறை வேலை புவி வெப்ப வேலையாக மாறுகிற இடம் இது, ஆனால் அந்தப் பெயரில் யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

பம்ப்செட் பழனி: சுற்றி வளைக்காதீங்க. இலவச மின்சாரத்தை நிறுத்தணும்னு சொல்றீங்க, அதானே?

இல்லை. எங்கள் அப்பாவும் மோட்டார் போட்டவர்தான். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விவசாய இணைப்புகள், பெரும்பாலானவற்றில் மீட்டரே கிடையாது. மோட்டார் எரிந்தால் உள்ளூர்ப் பட்டறையில் காயில் கட்டி, மறுபடி எரிந்தால் மறுபடி கட்டி ஓட்டுகிறோம், ஒவ்வொரு தடவையும் திறன் கொஞ்சம் இறங்குகிறது. நான் அளந்து பார்த்த பழைய செட்டுகளில் பாதிக்கு மேல், உள்ளே போன மின்சாரத்தில் கால் பங்குதான் தண்ணீரைத் தூக்கும் வேலையாக மாறியது.

எனக்குப் பிடித்த வழி மகாராஷ்டிராவில் 2017-ல் ஆரம்பித்தது. கிராமத்துத் துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சில மெகாவாட் சோலார் போட்டு விவசாய ஃபீடரை, அதாவது பம்ப்செட்டுகளுக்குப் போகிற மின்பாதையை, அதில் ஓட்டுகிறார்கள். விவசாயிக்குப் பகலில் மும்முனை கரண்ட் கிடைக்கிறது, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாம்புக்குப் பயந்துகொண்டு டார்ச் அடித்துப் போக வேண்டாம். இலவசத்துக்கு ஆகிற செலவும் இறங்குகிறது. யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை பாருங்கள். ஒரே பயம், பகல் முழுக்க ஓசி வெயிலில் ஓட்டி நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்த்துவிடுவோமோ என்பது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காத்தாடி: எங்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் பார்க்கிற இடமெல்லாம் காற்றாலை. அப்புறமும் ஏன் நிலக்கரி?

உங்கள் ஊர்க் காற்று மே மாதம் வந்து செப்டம்பரில் போய்விடுகிறதே! தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது, டிசம்பரில் பாதி சும்மா நிற்கும். சோலார் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைக் கட்டும், நாம் ஏழு மணிக்குத்தான் எல்லா ஸ்விட்சையும் போடுவோம்.

செய்தியில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 2025-ல் இந்தியாவின் நிறுவுதிறனில், அதாவது எல்லா மின்நிலையமும் முழுசாக ஓடினால் தரக்கூடிய அளவில், பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாதது என்று ஆகிவிட்டது, உண்மை, பெருமைப்படலாம். ஆனால் உற்பத்தியாகிற யூனிட்டில் ஏறக்குறைய முக்கால்வாசி இன்னும் நிலக்கரிதான். வீட்டு வாசலில் நாலு வண்டி நிற்பதும் தினமும் எந்த வண்டி ஓடுகிறது என்பதும் வேறு வேறு.

செய்ய வேண்டியது இரண்டு. உங்கள் பக்கத்து முப்பந்தலில் நல்ல காற்று அடிக்கிற இடத்தையெல்லாம் 1990-களிலேயே 250 கிலோவாட் மாதிரிச் சின்ன இயந்திரங்கள் பிடித்துக்கொண்டன, இன்று ஒரே இயந்திரம் இரண்டு மூன்று மெகாவாட் தரும். பழையதைக் கழற்றிப் புதியதை வைக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு முதலாளி. யார் விட்டுக்கொடுப்பார் என்பதில் வருஷக்கணக்கில் நிற்கிறது. இரண்டாவது, சேமிப்பு. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று நிலையம் 400 மெகாவாட், தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி ஓட்டுகிறது. 1980-களில் போட்டது. அதற்கப்புறம் அடுத்ததை, நீலகிரியில் குந்தாவில், கட்டவே இத்தனை காலம் எடுத்துக்கொண்டோம். பேட்டரி விலை விழுந்திருக்கிறது, இனிமேல் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

நெய்வேலி பையன்: நிலக்கரியை மூடிவிட்டால் எங்கள் ஊர் என்ன ஆவது?

நாளைக்கே மூட முடியாது, சாயங்காலம் விளக்கெரியாது. பழைய, திறன் குறைந்த அனல்மின் யூனிட்டுகளை முதலில் நிறுத்தலாம். உங்கள் கேள்வி ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் இன்னும் பெரியது, அங்கே மாவட்டமே சுரங்கத்தில் சாப்பிடுகிறது. இதில் பலர் பார்க்காத ஒரு கண்ணி ரயில்வே. சரக்கு வருமானத்தில் நிலக்கரிக்குத்தான் பெரிய பங்கு, நம் பயணிகள் டிக்கெட் மலிவாக இருப்பதே அந்தச் சரக்குக் காசில்தான். நிலக்கரி குறைந்தால் டிக்கெட்டுக்கு யார் கொடுப்பது? இதைப் பேசாமல் மூடுகிற தேதியை மட்டும் பேசுவதில் அர்த்தமில்லை.

ஈவி வாங்கலாமா: நிலக்கரி கரண்டில் ஓடுகிற ஸ்கூட்டர் எப்படிப் பசுமை?

கணக்குப் போடுவோம். பெட்ரோல் ஸ்கூட்டர் 45 கிலோமீட்டர் தந்தால் நூறு கிலோமீட்டருக்கு 2.2 லிட்டர், லிட்டருக்கு 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 5 கிலோ. மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் இழப்பையும் சேர்த்து மூன்றரை யூனிட், இன்றைய இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, ஆக இரண்டரை கிலோ. பாதி. வாங்குங்கள். பஸ்ஸில் போனால் இன்னும் நல்லது, ஆனால் நீங்கள் அதைக் கேட்கவில்லை.

பசுமைக்கரம்: ஆளுக்குப் பத்து மரம் நட்டால் போதாதா?

போதாது. மாதம் 200 யூனிட் செலவழிக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 1,700 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நன்றாக வளர்ந்த மரம் வருஷத்துக்கு ஏதோ 20 கிலோ எடுக்கும் என்று வைத்தால் ஒரு வீட்டுக்கு எண்பதுக்கு மேல் மரம், அதுவும் ஆடு கடிக்காமல் வளர்ந்த மரம். நிழலுக்கு நடுங்கள். பிச்சாவரம் மாதிரி இருக்கிற அலையாத்திக் காட்டை அழிக்காமல் இருப்பது புதிதாக நடுவதைவிட மேல்.

கொத்தனார் மகள்: சிமெண்ட் ஆலைக்கு சோலார் போட்டால் சரியாகிவிடுமா?

நல்ல கேள்வி, இதுதான் கஷ்டமான இடம். அரியலூரில் தோண்டுகிற சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது கல்லுக்குள் இருக்கிற கார்பன் டை ஆக்சைடே வெளியே வருகிறது. சிமெண்டின் மொத்த உமிழ்வில் பாதிக்கு மேல் இதுதான், எதை எரித்தாலும் இது வரும். அதனால் இந்தக் கல்லைச் சுட்டு எடுக்கிற கிளிங்கரை சிமெண்டில் குறைப்பதுதான் வழி. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் ஏற்கெனவே எங்கும் கிடைக்கிறது. அடுத்தது எல்சி3, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்தது, உமிழ்வு 30 முதல் 40 சதவீதம் குறைவு. சென்னை ஐஐடியும் இந்த ஆராய்ச்சியில் இருந்தது, 2023-ல் இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது.

தடை எங்கே என்றால், உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். "பிபிசி மெதுவாகத்தான் இறுகும், ஓபிசி வாங்கிட்டு வாங்க" என்பார். ஓபிசி (OPC) என்றால் சாம்பல் கலக்காத சாதா சிமெண்ட். அவர் சொல்வதும் தப்பில்லை, முதல் சில நாள் மெதுவாகத்தான் பலம் ஏறும், சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை கட்டுகிறவருக்கு அது காசு. கூடுதல் நாள் தண்ணீர் விட்டால் பிற்பாடு பலம் குறைவதில்லை.

ஃபவுண்டரி: ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். கார்பன் வரி என்று பயமுறுத்துகிறார்கள்.

2026 ஜனவரியிலிருந்து அது நிஜம். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் இவற்றுக்கு எல்லையில் கணக்குக் கேட்பார்கள். ஏழை நாட்டிடம் சுங்கம் வாங்குவது அநியாயம் என்று நம் அரசு சண்டை போடுகிறது, போடட்டும், நானும் அதே கட்சிதான். நீங்கள் அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் எல்லாம் நின்ற பிறகு கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு ஷெட்டுக்குள் நடந்து பாருங்கள். உஸ்ஸ் என்று காற்று கசிவது கேட்கும். மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றில் மூன்று கிலோவாட் போகும், வருஷம் முழுக்க. ஒரு இடத்தில் இப்படிப் பதினேழு ஓட்டை எண்ணினேன், அடைத்த செலவு நாலாயிரம் ரூபாய்கூட இல்லை. அந்த முதலாளி என் ஃபீஸைக் கொடுக்க மட்டும் ஆறு மாதம் எடுத்துக்கொண்டார்.

எல்லை தாண்டி: நம்மைவிட ஏழை நாடு யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா?

பாகிஸ்தானைப் பாருங்கள். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனதும் மக்கள் சீனப் பேனலை வாங்கி மாடியில் போட்டுக்கொண்டார்கள், 2024-ல் மட்டும் இறக்குமதி 17 ஜிகாவாட் அளவு. பெரிய மாநாடும் இல்லை, திட்டமும் இல்லை, பில்தான் விரட்டியது. ஆனால் வசதியுள்ளவர்கள் வெளியேறியதும், பேனல் வாங்க முடியாதவர்கள் தலையில் பழைய மின்நிலையங்களின் கடன் மொத்தமும் விழுந்தது. நம் ஊரில் மாடி சோலாருக்கு 2024 முதல் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, நல்லதுதான், சொந்த மாடி இருப்பவருக்கு. வாடகை வீட்டுக்காரருக்கு என்ன வழி என்று இப்போதே யோசிக்காவிட்டால் அதே கதைதான்.

சும்மா ஒரு கேள்வி: ஊருக்கு உபதேசம் சரி. உங்கள் வீட்டில்?

மாடியில் 3 கிலோவாட் இருக்கிறது, ஃபேன் எல்லாம் மாற்றிவிட்டேன், அப்பா அறை தவிர. அங்கே இருப்பது பழைய 75 வாட், அவர் என் வயதில் இருந்தபோது வாங்கியது, கடகடவென்று சத்தம். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராதாம்.