10 வயது மகளை ஸ்கூல் வேனில் இருந்து நிறுத்தி நடந்தோ சைக்கிளிலோ அனுப்பலாமா? உடற்தகுதிக்கு அது போதுமா?

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் வீடு, பம்பலப்பிட்டியில் பாடசாலை, தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர், மகளுக்கு 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருடம், மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் நடந்து போகட்டும், கூடவே ஒரு பெரியவரும் போங்கள். வாகனம் நெரியும் காலி வீதியில் சைக்கிள் வேண்டாம். ஆனால் அந்த மூச்சிரைப்பு நடையால் மட்டும் போகாது. அதற்கு வேறு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன். இளைப்புச் சத்தம், இரவு இருமல், நெஞ்சு வலி இருந்தால் எல்லாவற்றுக்கும் முதல் டொக்டரிடம் காட்டுங்கள்.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் வாரத்துக்கு 3 நாளாவது மூச்சு இரைக்கும் அளவுக்கும், எலும்பும் தசையும் பலப்படும் வகையிலும் இருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டரை 10 வயதுப் பிள்ளை 20, 25 நிமிடத்தில் நடந்துவிடும். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் கணக்கில் சேரும். கடை கடையாய்ப் பார்த்துக்கொண்டு போனால் சேராது.

டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில் சைக்கிளில் பாடசாலை போனவர்களின் இதய, நுரையீரல் திறன் நன்றாக இருந்தது. நடந்து போனவர்களுக்கும் வாகனத்தில் போனவர்களுக்கும் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்காக நடை வீண் என்று எடுக்காதீர்கள். 60 நிமிடத்தில் மூன்றிலொரு பங்கு பாடசாலை மணி அடிக்கமுதல் முடிந்துவிடுகிறது, அதுவும் டியூஷன் நேரத்தைத் தொடாமல். இந்த வருடம் உங்களுக்கு அதுவே பெரிய காரியம்.

7.30 மணிக்குப் பாடசாலை என்றால் 6.50க்கு வீட்டால் வெளிக்கிடுங்கள். கடவைகளில் காத்து நிற்க 5 நிமிடம் கூட வைத்துக்கொள்ளுங்கள். பிந்தினால் பிள்ளை ஓடும், ஓடினால் பார்க்காமல் கடக்கும். இடையில் இருக்கும் வெள்ளவத்தைக் கால்வாயைத் தாண்ட உங்களுக்குக் கிட்ட இருப்பவை இரண்டு பாலங்கள்: சவோய் திரையரங்குப் பக்கத்தில் காலி வீதிப் பாலம், அல்லது கடலோர வீதியான மரைன் டிரைவ் பாலம். கூட்டமும் புகையும் குறைவு என்பதால் நான் மரைன் டிரைவைத்தான் சொல்வேன். ஆனால் வாகனங்கள் அங்கே வேகமாக வரும், நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. தண்டவாளத்தால் குறுக்கே போகும் பழக்கம் அறவே வேண்டாம். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கிட்ட வரும்வரை கேட்காது.

காலி வீதியைக் கடப்பதுதான் இந்த வழியில் ஆகப் பெரிய ஆபத்து, ஆகவே விளக்குச் சிக்னல் உள்ள கடவையாகப் பார்த்துக் கடவுங்கள். சிக்னல் இல்லாத மஞ்சள் கோட்டுக் கடவையில் விபத்து எப்படி நடக்கிறது தெரியுமா? கரையோரமாய் வரும் பஸ் நிற்கும். வழி கிடைத்தது என்று பிள்ளை பாயும். பஸ்ஸின் மறுபக்கத்தால் முந்திக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கும் அவர் தெரியாது. நின்ற பஸ்ஸின் விளிம்பு வரை போய், அங்கே நின்று, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. இதை ஒரு மாதம் தினமும் கையைப் பிடித்துச் செய்யப் பழக்குங்கள். வாகன வேகத்தை மதிப்பிடும் திறன் இந்த வயதில் இன்னும் முழுதாக வந்திருக்காது, வாயால் சொல்லிக் கொடுத்தது அவசரத்தில் மறந்துபோகும். தொடர்மாடிகளின் வாகனத் தரிப்பிட வாசல்களையும் கவனியுங்கள். காலை 7 மணிக்கு அங்கிருந்து கார்கள் பின்பக்கமாக வெளியே வரும், சாரதிக்குக் குள்ளமான பிள்ளை தெரியாது.

புத்தகப் பை பிள்ளையின் எடையில் பத்திலொரு பங்குக்குள் இருந்தால் நல்லது. 30 கிலோப் பிள்ளைக்கு 3 கிலோ. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலே ஒரு கிலோ ஆகிவிடும், அதை நீங்கள் கொண்டுபோய் வாசலில் கொடுக்கலாம். இரண்டு தோளிலும் பட்டி போட வேண்டும். சப்பாத்தில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீட்டர் இடம் இருக்கட்டும். அடி தேய்ந்த வெள்ளைச் சப்பாத்து மழை நாளில் டைல்ஸ் பதித்த நடைபாதையில் வழுக்கும்.

பகல் 1.30 வெயிலில் திரும்பி நடத்த வேண்டாம், மார்ச், ஏப்ரலில் குறிப்பாக. வேன்காரரிடம் ஒருவழிக் கட்டணம் பேசிப் பாருங்கள்.

இனி மூச்சிரைப்புக்கான வேலை. வாரத்தில் 3 நாள், மாலையில் கயிறு பாய்தல்: 30 வினாடி பாய்ந்து 30 வினாடி ஓய்வு, 10 தரம். 10 நிமிடம்தான். எலும்புக்கும் அது நல்லது. காலுறையோடு டைல்ஸ் தரையில் வேண்டாம், வழுக்கும். முதல் வாரம் 5 தரம் போதும். லிஃப்ட் இருந்தாலும் மாடிப்படியால் ஏறச் சொல்லுங்கள். பாடசாலை இல்லாத நாட்கள் வருடத்தில் நூற்றைம்பதுக்கு மேல் இருப்பதால் விடுமுறையிலும் இதை விடக் கூடாது.

சைக்கிளை ஞாயிறு காலை 6 மணிக்கு, வாகனம் குறைந்த உள் ஒழுங்கைகளில், பெரியவர் கூட வர ஓடட்டும். 130 சென்ரிமீட்டருக்கு மேல் உயரமென்றால் பெரும்பாலும் 24 அங்குலச் சில்லு சரிவரும். சீட்டில் இருக்கும்போது இரண்டு முன்பாதமும் நிலத்தில் பட வேண்டும். வளர்ந்தபின்னும் ஓடட்டும் என்று பெரிய சைக்கிள் வாங்கினால் பிரேக் பிடித்ததும் கால் எட்டாமல் விழுவாள். பிரேக் பிடியை முழுதாக அழுத்தினாலும் ஹாண்டிலில் முட்டக் கூடாது. குரோம் பூசிய இரும்பு றிம் மழையில் நனைந்தால் பிரேக் அரைவாசிகூடப் பிடிக்காது, மழை நாளில் எடுக்க வேண்டாம். கடற்காற்று உப்பு செயினைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, இரண்டொரு சொட்டு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் இருக்க வேண்டும், பிடரிக்குச் சரிந்தால் நெற்றி காப்பில்லாமல் போய்விடும்.