திருத்தந்தை (போப்) சொல்வதையெல்லாம் கத்தோலிக்கர் ஏற்றே ஆகவேண்டுமா?

எப்படிச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய கோட்பாட்டைத் திருச்சபை முழுமைக்கும் இறுதியாக வரையறுத்தால், அது வழுவாவரத்தோடு, அதாவது அந்தப் போதனையில் தவறு நேராது என்ற இறைவரத்தோடு வருகிறது, மறுக்க இடமில்லை. சர்ச்சைக்கு ஓரிடத்தில் முற்றுப்புள்ளி வேண்டும், அந்தப் பொறுப்பு இயேசுவின் சீடரான பேதுருவுக்குத் தரப்பட்டது, திருத்தந்தை அவருடைய வழித்தோன்றல் என்பதே அடிப்படை. 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் (ஆயர்களின் பொதுச்சங்கம்) இதை அறிவித்தபின் ஒரே ஒருமுறைதான் அப்படி நடந்தது: 1950இல், மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற விண்ணேற்புக் கோட்பாடு.

திருத்தந்தை திருச்சபைக்கு எழுதும் சுற்றுமடல்கள் பொதுவாக அந்த ரகமல்ல. ஆனாலும் மனப்பணிவோடு ஏற்கச் சொல்கிறது இரண்டாம் வத்திக்கான் சங்கம். விமானத்தில் நிருபர்களுக்குத் தரும் பேட்டி? மாற்றுக்கருத்து கொள்ளலாம். நீதிபதி எழுதும் தீர்ப்பும் கல்யாணப் பந்தியில் அவர் பேசுவதும் ஒன்றாகுமா?

வழுவாவரம் என்றால் பாவமே செய்யாதவர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 2014இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்தில் எல்லாரும் பார்க்க முழந்தாளிட்டு, ஒரு குருவிடம் தன் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்தார்.