ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம்: தோட்டம் போடலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் எங்களுக்குத் தனி வீடு. பின்னால் 600 சதுர அடி மண் தரை இருக்கிறது. நானும் கணவரும் காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவோம். ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். கொரியன் புல்தரை, ரோஜா, 40 பைகளில் காய்கறி என்று ஒருவர் மொத்தமாகப் பேசி அட்வான்ஸ் கேட்கிறார். எங்களால் பராமரிக்க முடியுமா?

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தோட்டம் தாராளமாகப் போடலாம், ஆனால் அவர் சொல்லும் தோட்டம் உங்களுக்கு வேண்டாம்.

என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் நேரத்தை வாரக் கணக்கில்தான் சொல்கிறார்கள். செடிக்கு அந்தக் கணக்கு தெரியாது. மே மாத வெயிலில் பையில் நிற்கும் கத்தரிச் செடி காலையில் ஊற்றிய தண்ணீரை மாலைக்குள் தீர்த்துவிடும். செவ்வாய்க்கிழமை வாடியதற்கு ஞாயிறு ஊற்றி என்ன பயன்? வேலை நாளில் எத்தனை நிமிடம் தர முடியும் என்பதுதான் உங்கள் தோட்டத்தின் அளவு. பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 40 பைக்கு அளவாகத் தண்ணீர் ஊற்றவே அரை மணி நேரம் பிடிக்கும். அதனால் பைகள் வேண்டாம். மண் தரை வைத்திருப்பவர் பை வாங்குவதே வீண் செலவு. தரையில் வேர் பிடித்த செடிக்கு மூன்று அங்குலம் சருகு மூடாக்குப் போட்டால், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விட்டால் போதும். சருகு தண்டைத் தொடக்கூடாது. அந்தச் சருகைத்தான் தெருவெங்கும் கூட்டிக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

“சொட்டு நீரும் டைமரும் போட்டுத் தருகிறேன், நீங்கள் தொடவே வேண்டாம்” என்பார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விற்கிற டைமர்களில் பல சோலனாய்டு வால்வு வகை, அதாவது மின்காந்தத்தால் திறந்து மூடுபவை. குழாயில் அழுத்தம் இருந்தால்தான் அது ஒழுங்காகத் திறந்து மூடும். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஒரு மாடி வீட்டுத் தொட்டி நான்கைந்து மீட்டரில் இருக்கும், அதில் பாதிகூடத் தேறாது. உள்ளே ஓர் உருண்டை திரும்பித் திறக்கும் பால் வால்வு (ball valve) வகை டைமர் கேளுங்கள், தொட்டித் தண்ணீருக்கு அதுதான் சரிவரும். ஞாயிறுதோறும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீர் என்றால் கட்டாயம்.

புல்தரையில் அவருக்கு லாபம் அதிகம், ஏனென்றால் சதுர அடிக் கணக்கில் விற்கலாம். அதற்காகக் கொட்டும் செம்மண் லோடில் கோரைக்கிழங்கு வந்தால் உங்கள் ஞாயிறு அத்தனையும் களை பிடுங்குவதில் போய்விடும். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு மறுபடி முளைக்கும். மண் எதற்கு வாங்கினாலும் இறக்கும் முன் ஒரு கை அள்ளி உதிர்த்துப் பாருங்கள். கறுப்பாக, கடலைப் பருப்பளவு கிழங்குகள் தென்பட்டால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். ரோஜாவும் வேண்டாம். இலைப்பேன், கவாத்து, மருந்து என்று அது நேரத்தை விழுங்கும்.

நட வேண்டியவை: எலுமிச்சை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, நந்தியாவட்டை, செம்பருத்தி, இரண்டு மல்லிகை. மல்லிகையைக் கார்த்திகை மார்கழியில் ஒரு முறை தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் போதும். மழைநீர் தேங்கும் இடத்தில் எலுமிச்சை அழுகும், மேடு கட்டி வையுங்கள்.

தரையிலும் காய்கறி வேண்டாம், கீரை மட்டும் விதிவிலக்கு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது இதுதான். நான்குக்கு மூன்றடிப் பாத்தி இரண்டு கட்டுங்கள். ஒன்றில் முளைக்கீரை விதையை மணலோடு கலந்து ஞாயிறன்று தூவுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்கிவிடலாம். முளைக்கும் வரை தினமும் பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும், உங்கள் பத்து நிமிடம் அதற்குத் தாராளம். இன்னொரு பாத்தியில் அரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும். அவற்றைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். ஊருக்குப் போய்ப் பாத்தி காய்ந்துவிட்டாலும் நஷ்டம் ஒரு பிடி விதைதான். கத்தரியும் தக்காளியும் அப்படி மன்னிக்காது, மூன்று மாத உழைப்பு ஒரே வாரத்தில் போய்விடும்.

கன்று வாங்கும்போது கவனம். விதைப் பாக்கெட்டில் முளைப்புத் திறனும் பரிசோதனைத் தேதியும் அச்சிடுகிறார்கள். ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் கன்றில் ரகத்தின் பெயர்கூட இருப்பதில்லை. ‘ஹைபிரிட், ஆறே மாதத்தில் காய்க்கும்’ என்று வாயால் சொல்வதோடு சரி. நாலு வருஷம் வளர்த்த பிறகு வேறு ரகம் என்று தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் பில்லில் ரகப் பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

நடுவதற்குப் புரட்டாசிக் கடைசி நல்லது. புதுக் கன்றுக்கு முதல் இரண்டு மாதம்தான் தண்ணீர்க் கவனிப்பு அதிகம் வேண்டும், அந்த வேலையில் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் யார் தள்ளுபடி விலையில் கொடுத்தாலும் நடாதீர்கள்.