குழந்தை அசைகிறது, வெளிச்சம் போதவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டுக்குள் எடுக்கும் குழந்தைப் படங்கள் தெளிவாக வரவில்லை என்று எழுதியவர்களில் பெரும்பாலோர் கேமராவைத்தான் குறை சொல்லியிருக்கிறார்கள். கேமரா பாவம். குறைந்த வெளிச்சத்தில் அதற்கு என்ன வேலை கொடுத்திருக்கிறோம் என்று பார்த்தால் பாதிக் கேள்விகளுக்கு ஒரே பதில்தான். மீதிப் பாதிதான் சுவையானது.

ஏழு மாதக் குழந்தை. கேமராவோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ்தான் இருக்கிறது. பகலில் மொட்டைமாடியில் எடுத்தால் பளிச்சென்று வருகிறது. இரவில் ஹாலில் எடுத்தால் எல்லாம் கலங்கல். கேமராவில் கோளாறா? (வாசகி, திருச்சி)

கோளாறு இல்லை. இரவில் விளக்கு எரியும் சாதாரண ஹாலில் இருக்கும் வெளிச்சம், உச்சி வெயிலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண் சமாளித்துக்கொள்வதால் அது நமக்கு உறைப்பதில்லை. ஆட்டோவில் இருக்கும் கேமராவோ போதிய ஒளி சேரும்வரை ஷட்டரைத் திறந்தே வைத்திருக்கிறது: 1/15 நொடி, 1/30 நொடி. அதற்குள் குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவிடும்.

முதலில் கலங்கிய படம் ஒன்றைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். சுவர், பாய், குழந்தை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை நடுங்கியிருக்கிறது. பாயின் கோரை தெளிவாகத் தெரிந்து குழந்தை மட்டும் இழுபட்டிருந்தால் குழந்தை அசைந்திருக்கிறது. காது தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருந்தால் அது ஃபோகஸ் தவறு. லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு முதல் வகைக்கு மட்டுமே மருந்து. இது தெரியாமல் அதற்காகவே விலை உயர்ந்த லென்ஸ் வாங்குகிறவர்கள் பலர்.

இனி ஆட்டோவை விடுங்கள். டயலை ‘எம்’ எழுத்தில் (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறை) வைத்து ஷட்டரை 1/250 என்றும், அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, லென்ஸ் தரும் மிகச் சிறிய எஃப் எண்ணிலும் (எண் சிறிதானால் திறப்பு பெரிது) நிறுத்தி, ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். அதன் உச்ச வரம்பு 6400 இருக்கட்டும். தூங்கும் குழந்தைக்கு 1/60 கூடப் போதும். உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு 1/250. தவழ்ந்து ஓடுவதற்கு 1/500 வேண்டும். உங்கள் லென்ஸ் 18-இல் எஃப்/3.5 வரை திறக்கும், 55-க்கு இழுத்தால் எஃப்/5.6-தான். அதாவது ஜூம் செய்தவுடன் பாதிக்கு மேல் ஒளி போய்விடுகிறது. ஜூமை விட்டு நீங்களே தரையில் உட்கார்ந்து நெருங்குங்கள். ஆனால் 18-இல் வைத்து முகத்துக்கு மிக அருகே போனால் மூக்கு பெரிதாகிவிடும். 24 முதல் 35 வரை நல்ல இடம்.

ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டவே கூடாது, படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று என் கணவரின் நண்பர் சொல்கிறார். உண்மையா? (வாசகி, கோவை)

அவர் முக்காலியில் கேமராவை வைத்து மலையையும் கோபுரத்தையும் எடுப்பவராக இருக்கலாம். மலை அசையாது. உங்கள் வீட்டில் இருப்பது அப்படியா?

புள்ளிகளைப் பின்னால் குறைக்கலாம். ரா கோப்பாக (கேமரா சுருக்கி மெருகேற்றாத மூலப்படமாக) எடுத்திருந்தால் இன்றைய மென்பொருள்கள் அதை வியக்கத்தக்க அளவுக்குத் துடைத்துவிடுகின்றன. அசைவில் இழுபட்ட கண்ணிமையை அப்படி மீட்க முடியாது. 4×6 அங்குல அச்சில் 3200-இன் புள்ளிகள் பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. பயந்து ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சத்தை ஏற்றினால்தான் புள்ளிகள் கொட்டுகின்றன. எடுக்கும்போதே சரியான வெளிச்சத்துக்கு எடுங்கள். அதற்கு 6400 கேட்டால் 6400 கொடுங்கள்.

ஒரே ஒரு லென்ஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். எது? (வாசகர், மதுரை)

எஃப்/1.8 லென்ஸ் ஒன்று. எஃப்/5.6-ஐவிட அது ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். 1/25-இல் திணறிக்கொண்டிருந்த அதே அறையில், அதே ஐஎஸ்ஓவில் ஏறக்குறைய 1/250 கிடைத்துவிடும். 50 மி.மீ. லென்ஸ்தான் விலை குறைவு. ஆனால் தொடக்கநிலை கேமராக்களின் சிறிய சென்சாரில் (படம் பதியும் சில்லில்) அது நெருக்கமாகக் காட்டும். பத்துக்குப் பத்து அறையில் குழந்தை முழுதாகப் படத்துக்குள் வர, நீங்கள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். சின்ன வீடு என்றால் 35 மி.மீ. என் தேர்வு.

நிக்கான் டி3500, டி5600 வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். தவழும் குழந்தையிடம் அது நடக்கிற காரியமா? ‘ஏஎஃப்-எஸ்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இப்போது மூக்கு தெளிவு, கண் மங்கல்! (வாசகர், சென்னை)

எதிர்பார்த்த கடிதம். 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். குழந்தை தலையை ஆட்டினாலே கண் அந்த எல்லையைத் தாண்டிவிடும். எஃப்/2.2 அல்லது 2.8-க்கு வாருங்கள், அரையடி பின்னால் நகருங்கள். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்க விடாமல் ஒற்றைப் புள்ளியாக்கி, உங்களுக்கு அருகில் இருக்கும் கண்ணின்மேல் வையுங்கள். கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்தலாம். அசையும் குழந்தையைப் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் முறையில் வைத்து, ஒரே மூச்சில் நாலைந்து படங்கள் எடுங்கள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டின்மேல் புள்ளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் கறுப்பு என்பதால் கேமராவுக்கு அது பிடித்தமான இலக்கு.

அடுக்ககத்தில் இருக்கிறோம். பகலிலும் விளக்குப் போட வேண்டிய வீடு. என்ன செய்யலாம்? (வாசகி, சென்னை)

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் இருக்கும் பெரிய ஜன்னலைக் கண்டுபிடியுங்கள். கொசுவலைச் சட்டத்தைத் திறந்துவிடுங்கள், அது கணிசமான ஒளியைத் தின்றுவிடும். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் பாயை விரியுங்கள். அறையின் நடுவுக்கும் ஜன்னலோரத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் ஷட்டர் எண்ணிலேயே தெரியும்.

நேர் வெயில் விழுந்தால் கம்பிகளின் நிழல் முகத்தில் கோடு போடும். வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினால் ஒளி மென்மையாகிவிடும். படுத்திருக்கும் குழந்தையின் தலை ஜன்னல் பக்கமாகச் சற்றுச் சாய்வாக இருக்கட்டும். ஒளி நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்கினால் முகம் அழகாக இருக்கும். கால் பக்கமிருந்து வந்தால் மோவாய்க்குக் கீழிருந்து டார்ச் அடித்த பேய்ப்படம்தான். ஜன்னலுக்கு எதிர்ப்புறம் இன்னொரு வெள்ளைத் துணியைப் பாட்டியிடம் பிடிக்கச் சொன்னால் இருட்டான கன்னம் தெளியும், குழந்தையும் பாட்டியைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னலின் நீலமும் குண்டு பல்பின் மஞ்சளும் ஒரே முகத்தில் கலந்தால் தோலின் நிறத்தைப் பிறகு சரிசெய்யவே முடியாது.

ஃபிளாஷ் குழந்தையின் கண்ணைக் கெடுக்குமா? (வாசகர், நாகர்கோவில்)

சாதாரண கேமரா ஃபிளாஷ் ஆரோக்கியமான குழந்தையின் பார்வையைக் கெடுத்ததாகச் சான்று இல்லை. அதற்காக முகத்துக்கு அருகே வைத்து அடிக்க வேண்டாம், திடுக்கிட்டு அழும். குறைப்பிரசவக் குழந்தை, கண் சிகிச்சையில் இருக்கும் குழந்தை என்றால் மருத்துவரைக் கேளுங்கள். படத்தின் அழகுக்காகச் சொன்னால், கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் எனக்குப் பிடிக்காது: முகம் வெளிறும், கண் சிவக்கும். தலை திரும்பும் தனி ஃபிளாஷ் இருந்தால் வெள்ளைக் கூரையை நோக்கி அடியுங்கள். ஓட்டு வீட்டில் இது பலிக்காது. பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பினால் குழந்தையும் பச்சையாகும்.

கேமரா இல்லை, போன்தான். ‘நைட் மோட்’ போட்டும் கலங்குகிறதே? (வாசகி, யாழ்ப்பாணம்)

போட்டதால்தான் கலங்குகிறது. நைட் மோட் பல படங்களை வரிசையாக எடுத்து ஒன்றாக அடுக்குகிறது. அசையாத கட்டடத்துக்கு ஏற்றது, குழந்தைக்கு ஆகாது. அதை அணைத்துவிடுங்கள். 2 மடங்கு, 3 மடங்கு ஜூமைத் தொடாமல் 1 மடங்கிலேயே எடுங்கள், பெரும்பாலான போன்களில் பெரிய சென்சார் அந்தக் கேமராவுக்குத்தான். முகத்தை மெருகேற்றும் ‘பியூட்டி’ வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். குழந்தையின் தோலில் மெருகேற்ற என்ன இருக்கிறது? அது பூனைமயிரையும் புருவத்தையும் வழித்து மெழுகுபொம்மையாக்கிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கையோடு போனை எடுக்கும் வீடுகளில் ‘கலங்கல்’ என்ற புகாரில் பாதி அந்த எண்ணெய்தான்.

எல்இடி விளக்கில் 1/250 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக வருகிறது. (வாசகர், சேலம்)

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. 1/100 வைத்தால் பட்டை மறையும், ஆனால் குழந்தை தூங்க வேண்டும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், ‘ஃபிளிக்கர்’ (விளக்கின் மினுக்கம்) தடுப்பு இருந்தால் இயக்குங்கள். அதுவும் தீராவிட்டால் விளக்கை மாற்றுவதுதான் மலிவு.

என் போனில் தெளிவாக இருக்கும் படம், வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பினால் மங்கிவிடுகிறது. (வாசகர், துபாய்)

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. ‘ஆவணம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதன் வழியாக இணைத்தால் எடுத்தபடியே போய்ச்சேரும். உங்கள் ஃபோகஸில் குறையில்லை.